காணும் பொங்கலுக்கு நாயும் வருகிறது

காணும் பொங்கலன்று காலையிலேயே பாதி நகரம் காலியாகிவிடுகிறது. புளியோதரையும் தயிர்சாதமும் தூக்குகளில் நிறைந்து, ஜமுக்காளமும் கிரிக்கெட் மட்டையும் டிக்கியில் ஏறி, தாய்மாமன் தோப்பையோ பெரியப்பா வயலையோ நோக்கி வண்டி கிளம்புகிறது. இப்போது பல வீடுகளில் நாயும் பிள்ளைகளில் ஒன்று. "அதையும் கூட்டிட்டுப் போலாம்பா" என்று குழந்தைகள் கேட்டால் மறுக்க மனம் வருவதில்லை. மறுக்கவும் வேண்டாம். மூன்றாவது மாடி ஃபிளாட்டிலேயே வளரும் நாய்க்கும் பிள்ளைக்கும் வரப்பில் ஓடுகிற ஒரு நாள் பெரிய வரம்.

ஆனால் அந்த நாளைத் திட்டமிடுவது பெரியவர்கள். நமக்கு வியர்த்தால் நிழல் தேடுவோம், நமக்குப் பசித்தால் தூக்கைத் திறப்போம், நமக்கு அலுத்தால் கிளம்புவோம். ஒரே வெயிலில் நிற்கும் மூன்று உடல்கள் மூன்று விதமாக வேலை செய்கின்றன என்பது அந்தத் திட்டத்தில் வருவதே இல்லை. எந்த உடல் முதலில் தளருமோ அதை வைத்துத்தான் நேரத்தைக் குறிக்க வேண்டும். பெரும்பாலும் அது நாயின் உடல்.

மனிதத் தோலில் இருபது முதல் நாற்பது லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. வியர்வை ஆவியாகும்போது உடல் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. நாய்க்கு இந்த வசதி பாதத்தின் அடிப்பஞ்சில் மட்டும்தான் உண்டு, அதனால் பெரிய பயன் கிடையாது. அதன் குளிரூட்டும் இயந்திரம் வாயிலும் மூக்கிலும் இருக்கிறது. சும்மா படுத்திருக்கும்போது நிமிடத்துக்கு இருபது முப்பது முறை மூச்சு விடும் நாய், சூடேறினால் நாக்கைத் தொங்கவிட்டு முந்நூறு முறைக்கு மேலும் இரைக்கும். நாக்கிலும் மூக்கின் உட்புறத்திலும் உள்ள ஈரம் ஆவியாக, அங்கே ஓடும் ரத்தம் குளிர்ந்து உடலுக்குத் திரும்புகிறது. இவ்வளவு வேகமாக மூச்சு வாங்கினால் அந்த உழைப்பே சூட்டைக் கிளப்பாதா என்று தோன்றும். இரைக்கும்போது நாயின் நெஞ்சுக்கூடு தன் இயல்பான அதிர்வு வேகத்தில் தானாகவே விரிந்து சுருங்குவதால் தசைக்கு வேலை குறைவு. அழகான ஏற்பாடு.

அழகான ஏற்பாடுதான், ஆனால் அதற்கு எல்லை உண்டு. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் நாக்கின் ஈரம் ஆவியாகாது. கடலோர ஊர்களில் 30 டிகிரியே நாய்க்குக் கடினமாக இருப்பது அதனால்தான். பக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு மூக்கின் உட்பரப்பு குறைவு, மூச்சுப்பாதையும் குறுகல். லாப்ரடாருக்கு அடர்ந்த இரட்டை ரோமம். மெலிந்த உடலும் ஆழ்ந்த நெஞ்சும் குட்டை ரோமமும் கொண்ட சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நாட்டு நாய்கள் இந்த மண்ணின் வெயிலுக்குப் பழகியவை. அவற்றுக்கும் எல்லை உண்டு. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41 டிகிரியைத் தாண்டினால் வெப்பத்தாக்கு. குடல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கத் தொடங்கிவிடும்.

குழந்தையின் சங்கதி வேறு. ஒரு கிலோ எடைக்கு இவ்வளவு தோல் என்று கணக்கிட்டால், ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்களைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு தோல் பரப்பு இருக்கிறது. மிதமான வெயிலில் இது நல்லது, சூடு சீக்கிரம் வெளியேறும். சுற்றுப்புறம் தோலைவிடச் சூடாகிவிட்டால் அதே வழியாகச் சூடு உள்ளே வரும். பிள்ளைகளின் சுரப்பிகள் பெரியவர்களுடையவை அளவுக்கு வியர்வையும் சுரப்பதில்லை. பிள்ளையும் நாயும் தரைக்குப் பக்கத்தில் வாழ்கிறவை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் முகம் ஐந்தடி உயரத்தில் உணரும் காற்று வேறு, சூடேறிய தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருக்கும் காற்று வேறு. நண்பகல் வெயிலில் தார்ச்சாலை 50 டிகிரிக்கு மேல் போய்விடும். புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் அங்கே வேண்டாம்.

நாய்க்கு வெப்பத்தாக்கு என்றதும் பூட்டிய கார்தான் நினைவுக்கு வரும். பிரிட்டனில் கால்நடை மருத்துவமனைப் பதிவுகளை வைத்து 2020-ல் வெளியான ஆய்வில் வேறு ஒன்று தெரிந்தது. வெப்பத்தால் பாதிக்கப்பட்டு வந்த நாய்களில் நான்கில் மூன்று பங்கு, ஓடியாடியதால் அந்த நிலைக்கு வந்தவை. காரில் விடப்பட்டவை இருபதில் ஒன்று மட்டுமே. குளிர்நாட்டிலேயே அப்படி. நாய் ஓடுகிற வரை பிள்ளை பந்தை எறியும், எறிகிற வரை நாய் ஓடும். இரண்டுக்கும் நிறுத்தத் தோன்றாது, இரண்டும் ஒன்றையொன்று மகிழ்விக்கத்தான் பார்க்கின்றன. அதனால் நிறுத்துகிற வேலை பெரியவர்களில் ஒருவருடையது. யார் என்பதைக் காலையிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பந்து விளையாட்டு ஒன்பதரை மணிக்குள் முடியட்டும். பதினொன்று முதல் மூன்றரை வரை நிழல், சாப்பாடு, தூக்கம். மறுபடி ஆட்டம் வெயில் சாய்ந்த பிறகு.

நாய் நிலைகொள்ளாமல் இரைத்தாலோ, ஈறு செங்கல் நிறமாகச் சிவந்தாலோ, எச்சில் நூலாக ஒழுகினாலோ, நடை தள்ளாடினாலோ, அந்த இடத்திலேயே குளிர்விக்கத் தொடங்குங்கள். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவது அதற்கு அடுத்த வேலை. ஈரத்துண்டைப் போர்த்திவிடுவது பழைய பழக்கம். துண்டு கொஞ்ச நேரத்தில் சூடாகி, காற்றையும் மறைத்துவிடும். உடல் முழுக்கத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிற வேண்டும். ஐஸ் தண்ணீர்தான் வேண்டும் என்று தேடி நேரத்தைக் கடத்த வேண்டாம். நம்மூர் நிலத்தடி நீர் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 28 டிகிரியில் இருக்கிறது. 41 டிகிரியில் தவிக்கும் நாய்க்கு அது 13 டிகிரி குளிர்ந்த நீர். பம்புசெட் தொட்டி பக்கத்தில் இருக்கும் தோப்பைத் தேர்ந்தெடுப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

காரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெளியே 22 முதல் 36 டிகிரி வரை இருந்த நாட்களில் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது, 2005-ல் வெளியானது. நிறுத்திவைத்த காரின் உள்ளே ஒரு மணி நேரத்தில் வெப்பம் சராசரியாக 22 டிகிரி கூடியது. அந்த ஏற்றத்தில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே வந்துவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைத்தும் பெரிய மாற்றம் இல்லை. டீ குடிக்க இறங்கினால் பிள்ளையும் நாயும் கூடவே இறங்க வேண்டும். ஓடும் வண்டியில் இரண்டையும் பெல்ட்டில் பிணைத்திருக்க வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி மோதி நின்றால், பிணைக்காத உடலுக்கு அது பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். பின்சீட்டில் உலாவும் இருபது கிலோ நாய் முன்சீட்டுப் பிள்ளையின் மேல் அந்த வேகத்தில்தான் வந்து விழும். இரண்டு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கும் நாய்க்குட்டிகளுக்கும் பயணக் குமட்டல் அதிகம் என்பதால், கிளம்பும் முன் வயிறு நிறையக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

இனி சாப்பாடு. தமிழ்நாட்டு வீடுகளுக்கென்றே தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று இதில் இருக்கிறது.

திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கிறது என்பது பல ஆண்டுகளாகத் தெரியும். ஒரு நாய் கொத்துக் கொத்தாகத் தின்றும் ஒன்றும் ஆகாது, இன்னொன்று ஒரு கைப்பிடியில் சாய்ந்துவிடும். திராட்சையில் உள்ள எது நஞ்சு என்பதுதான் நெடுங்காலம் புதிராக இருந்தது. அமெரிக்காவில் விலங்கு நஞ்சு ஆலோசனை மையத்து மருத்துவர்கள் 2021-ல் ஒரு விடையை முன்வைத்தார்கள். சமையலுக்குப் பயன்படும் டார்ட்டர் உப்பைத் தின்ற நாய்க்கும் புளி தின்ற நாய்களுக்கும் அதே வாந்தியும் அதே சிறுநீரகச் சிதைவும் வந்ததைப் பார்த்து, மூன்றுக்கும் பொதுவான டார்டாரிக் அமிலத்தை அவர்கள் சந்தேகித்தார்கள். விரிவான அறிக்கை அடுத்த ஆண்டு வந்தது. மனிதச் சிறுநீரகச் செல்களில் இத்தகைய அமிலங்களைக் கடத்துகிற ஒரு புரதம் இருக்கிறது. நாய்க்கு அது இல்லாததால் அமிலம் செல்லுக்குள்ளேயே தேங்கிவிடுகிறது என்று பின்னர் நாயின் சிறுநீரகச் செல்களைக் கொண்டு நடந்த சோதனை காட்டுகிறது.

டார்டாரிக் அமிலம் திராட்சையில் இருப்பதைவிடப் புளியில் பல மடங்கு அதிகம். நம் கட்டுச்சோற்றின் ராஜாவே புளியோதரை. ரசம் சாதம் தின்று வளர்ந்த நாய்கள் ஊரெல்லாம் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். இருக்கின்றன. நீர்த்த ரசத்தில் கலந்த புளியும், காய்ச்சிச் சுண்ட வைத்த புளிக்காய்ச்சலும் ஒன்றல்ல. எந்த நாய்க்கு எந்த அளவு ஆபத்து என்று முன்கூட்டிச் சொல்லவும் வழியில்லை. தோப்பில் புளியமரம் இருந்தால் உதிர்ந்த பழங்களையும் கவனியுங்கள். தை, மாசியில் பழம் உதிரும், பிள்ளைகள் பொறுக்கித் தின்னும், பாசத்தோடு நாய்க்கும் நீட்டும்.

பிரியாணியிலும் இரண்டு ஆபத்துகள். வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கிறது. நாயின் ஒரு கிலோ எடைக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் போதும். பத்து கிலோ நாய்க்கு 150 கிராம், அதாவது இரண்டு நடுத்தர வெங்காயம். வேகவைத்தாலும் வதக்கினாலும் இந்தக் குணம் போவதில்லை, சின்ன வெங்காயமும் பூண்டும் இதே ரகம்தான். வெந்த கோழி எலும்பு கூர்கூராகப் பிளந்து குடலைக் குத்தும். சாக்லேட்டும், சைலிட்டால் சேர்த்த சர்க்கரையில்லா சூயிங்கமும் பிள்ளைகளின் பையில் இருக்கும், அந்தப் பையை மரக்கிளையில் மாட்டிவிடுங்கள். நாய்க்கென்று வெறுஞ்சாதமும் எலும்பில்லாத வேகவைத்த கோழியும் தனி டப்பாவில் எடுத்துப் போனால் தீர்ந்தது. அது தின்னும்போது பிள்ளைகள் தள்ளி இருக்க வேண்டும். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் கெர்ஸ்டின் மைன்ட்ஸ் நடத்திய ஆய்வுகளில், பல்லைக் காட்டி உறுமும் நாயின் முகத்தைச் சின்னப் பிள்ளைகள் பலர் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். குழந்தையைக் கடிப்பதும் பெரும்பாலும் அது நன்கு அறிந்த நாய்தான்.

எங்கே போவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. வேடந்தாங்கலுக்கும் முதுமலைக்கும் நாய் வேண்டாம். சரணாலயங்களில் செல்லநாய்க்கு அனுமதியில்லை, அந்த விதி நியாயமானது. 1994-ல் தான்சானியாவின் செரங்கெட்டியில் மூன்றில் ஒரு பங்கு சிங்கங்கள் மடிந்தன. காரணம் டிஸ்டெம்பர், சுற்றியிருந்த ஊர்நாய்களிடம் இருந்த அதே வைரஸ். நோயில்லாத நாயும் பறவைகளைக் கலைக்கும். ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு அருகே காட்டுப்பாதைகளில் பீட்டர் பேங்க்ஸும் ஜெசிகா பிரையன்ட்டும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், கயிறு கட்டிய நாயோடு மனிதர் நடந்துபோன பாதையில் பறவைகளின் எண்ணிக்கை 41 சதவீதமும் இனங்கள் 35 சதவீதமும் குறைந்தன. பங்குனிக்குப் பிறகு போகிறவர்கள் தரிசு நிலத்திலும் கயிற்றை அவிழ்க்கக் கூடாது. ஆள்காட்டிப் பறவை வெட்டவெளியில் சரளைக்கல்லோடு கல்லாக நான்கு முட்டை இட்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது, நாயின் மூக்குக்குத் தெரியும். முயலைக் கண்டால் சிப்பிப்பாறை உங்கள் குரலைக் கேட்காது. முயல் வேட்டை சட்டப்படி குற்றம்.

தெரிந்தவர்களின், வேலி போட்ட தோப்புதான் சிறந்தது. ஊருக்குள் நாயை நடத்திக் கூட்டிப் போகாதீர்கள். தெருநாய்க்குத் தன் தெரு தன் எல்லை, புதிய நாய் வந்தால் கூட்டமாக வரும், நடுவில் பிள்ளை மாட்டிக்கொள்ளும். வண்டியைத் தோப்புக்குள் கொண்டுபோய் நாயை இறக்குங்கள். வெறிநோய்த் தடுப்பூசியும், எலிக்காய்ச்சலும் டிஸ்டெம்பரும் சேர்ந்த தடுப்பூசியும் நாய்க்கு நாள் தவறாமல் போட்டிருக்க வேண்டும். எந்த நாய் யாரைக் கீறினாலும், கடித்தாலும், சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். உலகில் நாய்க்கடிக்கும் வெறிநோய்க்கும் ஆளாகிறவர்களில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள்.

தரைக்கிணறு இருக்கிறதா என்று போவதற்கு முன்பே போனில் கேளுங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருந்தால் வேறு தோப்பு பாருங்கள். நாய் நீரில் குதித்தால் பிள்ளையும் பின்னாலேயே குதிக்கும், நீரில் மூழ்குகிற பிள்ளை கத்துவதில்லை.

ஆபத்துகளையே சொல்லிக்கொண்டு போகிறேன், அந்த நாளில் கற்றுக்கொள்ளவும் நிறைய இருக்கிறது. நாய் தரையை முகரும்போது பிள்ளைகளை அதன் மூக்கருகே குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். துளையின் பக்கவாட்டில் ஒரு கீற்று வெட்டு இருக்கும். மூச்சை உள்ளிழுப்பது முன்பக்கமாக, வெளிவிடுவது அந்த வெட்டின் வழியாகப் பக்கவாட்டில். அதனால்தான் வெளிவிடும் காற்று மோப்பத்தைக் கலைப்பதில்லை. விநாடிக்கு ஐந்து முறை வரை அது முகரும், மண் புழுதியாக இருந்தால் மூக்கின் இருபுறமும் தூசி சுழல்வதை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். நமக்கு ஐம்பது அறுபது லட்சம் மோப்பச் செல்கள், நாய்க்கு இருபது கோடிக்கு மேல். இன்னொரு சோதனை: சிவப்புப் பந்து ஒன்று, நீலப் பந்து ஒன்று, இரண்டையும் பச்சைப் புல்லில் எறியுங்கள். நாயின் கண்ணில் நிறமறியும் கூம்புச் செல்கள் இரண்டே வகை. நீலமும் மஞ்சளும் அதற்குத் தெரியும், சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாது. நீலப் பந்தை நோக்கி நேராக ஓடும். சிவப்பைத் தேடி மூக்கைத் தரையில் வைத்து வளைந்து வளைந்து போகும். பாடப்புத்தகத்தில் பல பக்கம் படித்தாலும் பிள்ளைக்கு இப்படிப் பதியாது.

பாம்பைப் பற்றிச் சுருக்கமாக. வைக்கோல் போர், காய்ந்த தென்னைமட்டைக் குவியல், வரப்பு வளை ஆகியவற்றில் கையும் வேண்டாம், நாயின் மூக்கும் வேண்டாம். இருட்டும் முன் கிளம்பிவிடுங்கள். கடித்தால் இறுக்கிக் கட்டாமல், கீறாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108-ஐ அழைத்து விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த மருந்துக்கான நஞ்சைப் பெரும்பாலும் எடுத்துக்கொடுப்பவர்கள் 1978-ல் தொடங்கிய, சென்னைக்கருகே வடநெம்மேலியில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர். நாய்களைக் காப்பாற்றவும் கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்துவது அதே மருந்துதான்.

வீடு திரும்பிய பிறகும் வேலை இருக்கிறது. நாயின் காதுக்குள், விரலிடுக்கில், கழுத்துப்பட்டைக்கு அடியில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும், மண்ணெண்ணெயும் தீக்குச்சியும் வேண்டாம். பிள்ளைகளைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, உடுத்திய துணியை அன்றே துவைத்துவிடுங்கள். புல்லிலும் புதரிலும் ஒருவகைச் சிற்றுண்ணியின் கண்ணுக்குத் தெரியாத இளம்புழு இருக்கிறது. ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலைத் தருவது அதன் கடிதான். தமிழ்நாட்டில் மழைக்குப் பிந்திய குளிர்மாதங்களில் இந்தக் காய்ச்சல் அதிகம், காணும் பொங்கல் வருவதும் அப்போதுதான். வெறும்புல்லில் உட்காராமல் ஜமுக்காளம் விரிப்பதும் முழுக்கால் சட்டை போடுவதும் இதற்காகத்தான்.

இந்தக் காய்ச்சல் வெளிப்பட ஆறு முதல் இருபத்தொரு நாள் ஆகும், அதற்குள் தோப்புக்குப் போனதே மறந்துபோயிருக்கும். டெங்கு என்றும் டைஃபாய்டு என்றும் நாட்கள் ஓடும். அக்குளிலோ, இடுப்பிலோ, காதின் பின்புறமோ சிகரெட் சுட்டது போல வலியில்லாத ஒரு கறுப்புப் பொருக்கு இருந்தால் அதுவே பெரிய தடயம், ஆனால் எல்லோருக்கும் அது வருவதில்லை. தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் போன்ற சாதாரண மருந்திலேயே குணமாகும். தாமதித்தால் நுரையீரலையும் மூளையையும் தாக்கும். அதனால் மூன்று வாரத்துக்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள்: "பொங்கலுக்குத் தோப்புக்குப் போனோம் டாக்டர், புல்லில் விளையாடினான்." நாய் சோர்ந்து படுத்து, தீனியை மறுத்தால் கால்நடை மருத்துவரிடமும் இதையே சொல்லுங்கள்.